எந்த ஊர்ப் பிள்ளை?

சென்னைப் பல்கலைக் கழகம் 1857ஆம் ஆண்டு தோன்றிற்று. அது நடத்திய முதல் பி.ஏ. தேர்விலே வெற்றி பெற்றோர் இருவர். இன்று ஆண்டுதோறும் ஆயிரமாயிரவர் கறுப்பங்கி அணிந்து பட்டத்தாளை ஏந்தி நிற்கக் காண்கிறோம். அன்று நின்றவர் இருவரே. எந்த ஊர்ப் பிள்ளைகள் அவ்விருவரும்? மயிலையா? திருவல்லிக்கேணியா? காவிரிக்கரை அக்கிரகாரமா? இல்லை. இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் கறல் விசுவநாத பிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. வட்டுக்கோட்டைக் கல்லூரியிலே கற்று, கடல் கடந்து வந்து, சென்னைப் பல்கலைக் கழகத்துப் பட்டதாரிகள் பட்டியலில் முதற் பெயர்களாய் அமர்ந்தவர்கள்.

அந்தத் தாமோதரம் பிள்ளைதான், செல்லரித்துக் கிடந்த சுவடிகளைத் தேடித் தேடி எடுத்து, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர். சங்கத் தமிழ் இன்று நம் மேடைகளிலே முழங்குகிறதென்றால், அம்முழக்கத்திற்கு ஏடு தேடித் தந்த கைகளிலே ஈழத்துக் கையும் ஒன்று.

இரு நாட்டையும் வெள்ளையனே ஆண்டான், ஆகவே எந்த ஊர் என்ற கேள்வி எழவில்லை என்று சிலர் கூறக்கூடும். பாதி உண்மை. 1857இல் சென்னை கம்பெனியாரின் ஆட்சியிலே இருந்தது. இலங்கையோ இங்கிலாந்து முடியரசின் நேரடிக் குடியேற்ற நாடு. கவர்னர் வேறு, கருவூலம் வேறு, சட்டம் வேறு. சென்னை மாகாணத்துக் குடியானவன் கட்டிய வரியை யாழ்ப்பாணத்தான் படிப்புக்கு ஏன் செலவிட வேண்டும் என்று வாதாட விரும்பியிருந்தால் வாதாடியிருக்கலாம். அப்படியொரு வாதத்தால் அவ்விருவரையும் எவரும் தடுக்கவில்லை. தேர்வு எழுத வந்தவனிடம் தேர்வைத்தான் கேட்டார்கள்.

சென்னையை விட்டுச் சிதம்பரத்துக்கு வருவோம். 1864ஆம் ஆண்டு தில்லையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை என்றொரு பள்ளி திறக்கப்பட்டது. திறந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சாதி ஆசாரத்திலே இம்மியும் தளராது நின்றவர் அவர். வடலூர் வள்ளலாரோடு மோதியவர். நமக்கு அவர்மீது ஆயிரம் வழக்குகள் உண்டு. அவரே போட்ட வழக்கும் ஒன்று உண்டு. அருட்பா மருட்பாச் சண்டை முற்றி, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துப் படியிலே ஏறிற்று. யாழ்ப்பாணத்தார் ஒருவர் சிதம்பரத்திலே பள்ளி நடத்தினார். தென்னார்க்காட்டு நீதிமன்றத்திலே தென்னார்க்காட்டுப் பெரியவர்மீது வழக்காடினார். பள்ளிக்கும் வழக்குக்கும் அவர் பிறந்த தீவு குறுக்கே வரவில்லை. வள்ளலாரின் பக்கம் நிற்கும் நாமும், நாவலர் அயல்நாட்டார் என்று ஒருநாளும் எழுதியதில்லை.

பின்னர், சிதம்பரம் இருப்புப்பாதைக்குக் கிழக்கே, 1920இல் மீனாட்சி கல்லூரியாக முளைத்தது 1929இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகமாகக் கிளைத்தது. அங்கே 1931இல் தமிழ்ப் பேராசிரியர் நாற்காலியிலே அமர்த்தப்பட்டவர் யார்? மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவிலே பிறந்த விபுலாநந்தர். காவியுடுத்த துறவி, கடவுளைப் பற்றி நமக்கும் அவருக்கும் ஒத்துப் போகாது. ஆனால் தமிழிசையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், யாழ்நூல் எழுதிய அந்தத் துறவியை விட்டுவிட்டுப் பேச முடியுமா? சிதம்பரத்திலே ஆசிரியராய் இருந்த அவரே, பின்னாளில் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார்.

ஆசிரியராக மட்டுமா வந்தார்கள்? மாணவராகவும் வந்தார்கள். 1940களின் பிற்பகுதியில் அண்ணாமலை நகரிலே முதுகலைத் தமிழ் பயின்றார் ஒரு கத்தோலிக்கக் குரு. 1913இல் ஊர்காவற்றுறைப் பகுதியிலே பிறந்த தனிநாயகம் அடிகள். அவர் 1964இல் டில்லியிலே அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உண்டாக்க முன்னின்றார். அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலே நடந்தது. இரண்டாம் மாநாடு 1968 சனவரியில், அண்ணா முதலமைச்சராய் வீற்றிருந்த நாளில், சென்னையிலே நடந்தது. கடற்கரையிலே நிற்கும் தமிழறிஞர் சிலைகளைக் கண்டு களிப்போர், சிலைக்குக் காரணமான மாநாட்டுக்கு வித்திட்டவருள் ஒருவர் சிதம்பரத்து வகுப்பறையிலே ஓர் ஈழத்து மாணவராய் அமர்ந்திருந்தவர் என்பதையும் அறிவது நன்று. அவருக்கு அன்று இடம் மறுக்கப்பட்டிருந்தால் இழப்பு யாருக்கு? கணக்குப் பார்ப்போர் பார்த்துக் கொள்க.

இத்தனை பழங்கதையும் எதற்கு என்றால், அதே சிதம்பரத்துக்கு அண்மையிலே, கடலூர் மாவட்டத்து நெசவூராகிய குறிஞ்சிப்பாடியிலே, ஒரு முகாம் இருக்கிறது. ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தோரின் முகாம். அங்கே பிறந்த பிள்ளைகள், இந்த மண்ணிலேயே தவழ்ந்து, இந்த ஊர் அரசுப் பள்ளியிலேயே அ, ஆ எழுதி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரி வாயிலுக்கு வந்து நிற்கிறார்கள். தாமோதரம் பிள்ளையிடம் கேட்கப்படாத கேள்வி அவர்களிடம் கேட்கப்படுகிறது: நீ எந்த ஊர்ப் பிள்ளை?

அவர்கள் வந்த வழியையும் சற்றே நினைவூட்டிக் கொள்ள வேண்டும். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1971இல் தரப்படுத்தல் என்ற பெயரால் பல்கலைக் கழக வாயிலிலே இரட்டை அளவுகோல் நாட்டப்பட்டது. மருத்துவக் கல்லூரியில் நுழைய 400 மதிப்பெண்ணுக்குச் சிங்கள மாணவன் 229 பெற்றால் போதும். தமிழ் மாணவன் 250 பெற வேண்டும். ஈழத்து இளைஞன் நெஞ்சிலே கனன்ற நெருப்புக்கு முதற்பொறி எங்கே விழுந்தது என்று தேடுவோர், அந்த 21 மதிப்பெண்ணைக் கடந்து போக முடியாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 சூலையிலே மனிதர்களையே எரித்தார்கள். அதன்பின் படகுகள் இராமேசுவரம் நோக்கி வந்தன. 1983 முதல் 1987 வரை மட்டும் ஓர் இலட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தனர். பிறகும் போர் மூண்டபோதெல்லாம் அலை அலையாய் வந்தனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமிழகத்திலே 108 முகாம்களில் 58,000 பேருக்கு மேலும், முகாமுக்கு வெளியே 34,000 பேரும் வாழ்ந்தனர்.

தந்தைக்குப் பல்கலைக் கழகத்திலே இடம் மறுத்தது மதிப்பெண் சூழ்ச்சி. பிள்ளைக்கு இடம் மறுப்பது காகிதம். இடையிலே கடல் ஒன்றுதான் வேறுபாடு என்று அந்தக் குடும்பம் கருதுமானால், இல்லை என்று மறுக்க நமக்கு என்ன சொல் இருக்கிறது?

ஒன்றுமே செய்யவில்லை என்று தமிழக சர்க்காரைச் சொன்னால் அது பொய். எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்திலே, வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகளில் இடங்கள் ஒதுக்கப்பட்டன, மருத்துவத்திலும் ஒதுக்கப்பட்டன. ஈழத் தந்தை செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் பிள்ளைகளின் படிப்பைத் தன் தலையாய வேலையாக எடுத்துக் கொண்டது. பிறகு 1991 மே 21. திருப்பெரும்புதூரிலே இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். கொன்றவரைப் பிடிப்பதும் தண்டிப்பதும் சட்டத்தின் வேலை. அதைக் குறை கூறுவாரில்லை. ஆனால் தண்டனை முகாமிலே கணக்குப் பாடம் எழுதிக் கொண்டிருந்த சிறுமிக்கும் சேர்த்து விதிக்கப்பட்டது. உயர்கல்வி இடங்கள் நிறுத்தப்பட்டன. ஐந்தாண்டு ஓடிற்று. 1996இல் ஆட்சி மாறி, கலைஞர் அமைச்சரவை வந்தபின் கதவு மறுபடி திறந்தது. ஆனால் ஐந்தாண்டு என்பது கல்லூரிக் கணக்கிலே ஒரு முழுத் தலைமுறை. அந்த ஆண்டுகளில் பள்ளி முடித்தவன், கதவு திறந்த செய்தி வந்தபோது, கையிலே வண்ணத் தூரிகையோடு எவன் வீட்டுச் சுவரிலோ சுண்ணாம்பு பூசிக் கொண்டிருந்தான்.

2021 ஆகத்து 27ஆம் நாள் சட்டமன்றத்திலே முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்தார். அகதிகள் முகாம் என்ற பெயர்ப்பலகை இறங்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்ற பலகை ஏறிற்று. வீடுகள் கட்ட ஏற்பாடு. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 1,500 ஆயிற்று. பொறியியல் படிப்போரில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கும் என்றும் கூறப்பட்டது. நல்லது, மனமாரப் பாராட்டுகிறோம். ஐம்பத்தோராவது பிள்ளையைப் பற்றிப் பேசவும் நமக்கு உரிமை உண்டல்லவா?

கட்டணம் என்ற பேச்சு வந்துவிட்டதால், அதன் சட்டக் கதையையும் சொல்லிவிட வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியூர்ப் பிள்ளைக்கு வேறு கட்டணம் என்ற ஏற்பாடு சரியா தவறா என்று இந்திய உச்சநீதிமன்றம் 1955ஆம் ஆண்டிலேயே தீர்ப்புக் கூறியிருக்கிறது. இந்தூரிலே மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரி. அது அன்று மத்திய பாரத ராஜ்யம். அந்த ராஜ்யத்திலே குடியிருப்போரின் பிள்ளைகளுக்குத் தனி நன்கொடைக் கட்டணம் கிடையாது, வெளியாருக்கு உண்டு. டில்லியிலிருந்து சேர்ந்த ஜோஷி என்ற மாணவர் வழக்குத் தொடுத்தார். ஐந்து நீதிபதிகள் கேட்டனர். நால்வர் கூடி, ஏற்பாடு செல்லும் என்றனர். ஜகந்நாததாஸ் ஒருவர் மட்டும் செல்லாது என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் பக்கத்து வெங்கடராம அய்யர்.

அவர் சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது. பிறந்த இடத்தைக் கொண்டு வேற்றுமை பாராட்டக் கூடாது என்றுதான் அரசியல் சட்டம் சொல்கிறது. குடியிருக்கும் இடம் என்பது வேறு. எவர் அந்த ராஜ்யத்திலே குடியிருக்கிறாரோ, அவர் படித்து முடித்தபின் அங்கேயே தொண்டு செய்வார் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே அவருக்குச் சலுகை தருவதிலே தவறில்லை. சாரம் இதுதான்.

அய்யர் கையில் தந்துவிட்டுப் போன அந்த அளவுகோலை எடுத்து, குறிஞ்சிப்பாடிப் பிள்ளையை அளந்து பாருங்கள். பிறந்த இடத்தைப் பார்க்காதே, குடியிருக்கும் இடத்தைப் பார் என்கிறது அளவுகோல். இவள் பிறந்ததும் இங்கே, குடியிருப்பதும் இங்கே. படித்தபின் எங்கே தொண்டு செய்வாள் என்கிறது. வேறு எங்கே போவாள்? கடவுச்சீட்டு இல்லாதவள் அமெரிக்காவுக்குப் பறந்துவிடுவாள் என்ற அச்சமும் வேண்டா! நம் வரிப்பணத்திலே மருத்துவம் பயின்று, பட்டத்தின் மை காயுமுன்னே விமானம் ஏறிய நம் சொந்த ஊர்ப் பிள்ளைகளை விட, இந்த மண்ணிலேயே தங்கக்கூடியவள் இவள்தான்.

இங்கே ஒரு நெருடலை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடியிருப்பைப் பார்த்து இடம் கொடுக்கும் முறையை எதிர்ப்பவரல்லர் நாம், அதற்காகப் போராடுகிறவர். தமிழகம் தன் பணத்திலே கட்டிய மருத்துவக் கல்லூரிகளின் இடங்களை அகில இந்தியத் தொகுப்பு என்று டில்லி வாரிக் கொள்வதைக் கண்டித்து எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர் நாம். 2025 சனவரியிலே உச்சநீதிமன்றம், மருத்துவ மேற்படிப்பிலே குடியிருப்பைக் கொண்டு இடம் ஒதுக்குவது செல்லாது, நாட்டு மக்கள் அனைவரும் இந்தியாவிலேயே குடியிருப்பவர் என்று கூறியபோதும், மாநில உரிமைக்கு விழுந்த அடி என்று வருந்தினோம். தமிழ்நாட்டு இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கே என்கிறோம். அப்படியானால், யார் தமிழ்நாட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு விடை சொல்லும் கடமை டில்லிக்கு முன்னே நமக்கு வருகிறது. அதிலே நாம் தயங்கினால், நம் உரிமைக் குரலிலே பாதி வலு போய்விடும்.

பொறியியல் கலந்தாய்வு அதற்கு ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழகத்திலேயே படித்தவனிடம் பிறப்பிடச் சான்று கேட்பதில்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவேடே சான்று. எளிய விதி, மனிதத்தன்மை உள்ள விதி. முகாம் பிள்ளையும் அந்த வழியே உள்ளே வரலாம். ஆனால் உள்ளே வந்ததும் எந்த வரிசையிலே நிற்க வேண்டும் தெரியுமா? பொதுப் பிரிவிலே!

இதை இந்த ஏட்டின் வாசகர்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். 100 இடத்திலே 69 இடம் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு என்பது நாம் குருதி சிந்திக் காத்த ஏற்பாடு. முத்தையா முதலியார் 1928இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வகுப்புவாரி உரிமையின் வழிவந்தது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கிலே அது சாய்க்கப்பட்டபோது, பெரியார் நாட்டையே எழுப்பினார். அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அத்தனை பாடுபட்டுக் காத்த நிழலிலே முகாம் பிள்ளைக்கு இடமில்லை. சாதிச் சான்று குடிமகனுக்கே தரப்படும்; இவள் குடிமகள் அல்லள்; ஆகவே இவளுக்குச் சாதி இல்லை! சாதி இல்லை என்று நாம் ஆயிரம் மேடையிலே கூறியபோது ஏற்காத ஏடுகள், இந்த ஒரு பிள்ளையின் திறத்திலே மட்டும் ஒப்புக் கொள்கின்றன. மன்னார்க் கரையிலே வலை வீசியவன் மகளும், மலையகத்திலே கொழுந்து கிள்ளிய தாழ்த்தப்பட்டோன் மகளும், தலைமுறை தலைமுறையாய்ப் படித்தவன் மகனோடு ஒரே வரிசையிலே போட்டியிட வேண்டும்.

மலையகத்தார் கதையிலே இன்னொரு முடிச்சும் உண்டு. 1964 அக்டோபரிலே சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டுக் கொண்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பின்னர் பார்ப்போம் என்று. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக வெட்டிக் கொண்டனர். ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்தவர் தாயகம் திரும்பியோர். குடியுரிமை உண்டு, சாதிச் சான்று உண்டு, சலுகையும் உண்டு. அவரோடு ஒரே வயிற்றிலே பிறந்த தம்பி, தாள் வந்து சேருமுன்னே வீடு எரிந்து, படகேறி வந்திருந்தால் அவன் அகதி. அண்ணன் பேரன் ஒதுக்கீட்டிலே கல்லூரி போகிறான். தம்பி பேரன் பொதுப் பிரிவிலே நிற்கிறான். இருவருக்கும் பூட்டன் ஒருவன். அவன் தமிழகத்திலிருந்து தேயிலைக்கும் காப்பிக்கும் கூலியாகப் போனவன்.

மருத்துவமோ முற்றாக மூடிய கதவு. எம்.ஜி.ஆர். காலத்திலே திறந்திருந்தது, இன்று இல்லை. அரசு இடத்துக்கு விண்ணப்பிப்பவர் இந்தியக் குடிமகனாய் இருத்தல் வேண்டும் என்று விதி நிற்கிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரியிலே 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வெள்ளையங்கி அணியக் கண்டு நாடு மகிழ்ந்தது. அதே அரசுப் பள்ளியிலே, அதே பெஞ்சிலே, தோளோடு தோள் உரசி அமர்ந்திருந்த முகாம் பிள்ளைக்கு அதிலே பங்கில்லை.

விதி என்பது மலையல்ல, அசைக்கலாம் என்பதற்கும் சிதம்பரத்திலேயே சான்று இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தை 2013இல் சர்க்கார் தன் பொறுப்பிலே எடுத்துக் கொண்டது. ஆனால் அதன் மருத்துவக் கல்லூரியிலே பழைய கட்டணமே நீடித்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 14,000 ரூபாய்க்குள் அடங்கிய கட்டணம், அண்ணாமலை நகரிலே 5 இலட்சத்துக்கு மேல்! சர்க்கார் கல்லூரி, ஆனால் சர்க்கார் கட்டணம் இல்லை. 2020 இறுதியிலே மாணவர்கள் அறப்போர் தொடங்கினர். பனியிலே அமர்ந்தனர், விடுதியை மூடிப் பார்த்தார்கள், அப்போதும் கலையவில்லை. 2021 சனவரியிலே அக்கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. கட்டணம் மற்றக் கல்லூரிகளுக்கு ஒப்பாக இறங்கிற்று. 5 இலட்சம் 14,000க்குள் வந்தது ஓர் ஆணையாலே. மருத்துவக் கல்லூரிக் கட்டடம் ஒரு செங்கல்லும் மாறவில்லை.

குடியுரிமையே இத்தனைக்கும் வேர் என்பார்கள். ஆம். ஆனால் அந்த வேரின் கோணலையும் பாருங்கள். 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணிலே பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். அந்த நாளுக்குப் பின் பிறந்தால், பெற்றோரில் ஒருவரேனும் குடிமக்களாய் இருக்க வேண்டும். 2004 திசம்பருக்குப் பின் பிறந்தால், ஒருவர் குடிமக்களாய் இருந்தாலும் போதாது; மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. 1986இலே மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் மதுரைக்குச் சென்று உயர்நீதிமன்றக் கிளையிலே வழக்காடி, 2022இல் இந்தியக் கடவுச்சீட்டுக்கு உரிமை பெற்றார். அவருக்கு இரண்டாண்டு பின்னே அதே முகாமிலே, அதே மருத்துவச்சி கையிலே பிறந்த தங்கை இருந்தால், அவள் அந்நியர். அண்டை நாடுகளில் துன்புற்று வந்தோர்க்குக் குடியுரிமை என்று 2019இல் டில்லி கொண்டுவந்த சட்டமோ, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் என்று எண்ணி, இலங்கையை எண்ணாது விட்டது. 2025 செப்டம்பரிலே ஓர் அருள் செய்தார்கள்: 2015 சனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிந்திருக்கும் இலங்கைத் தமிழர்மீது, கடவுச்சீட்டு இல்லை என்பதற்காகத் தண்டனைப் பிரிவு பாயாது என்றொரு விலக்கு. சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பது வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

இது தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கலும் அன்று. அமெரிக்காவிலே டெக்சாஸ் ராஜ்யம், தாளில்லாமல் மெக்சிகோவிலிருந்து வந்தோர் பிள்ளைகளைப் பள்ளியிலே சேர்க்க மறுத்துப் பார்த்தது. 1982இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், தந்தை தாய் செய்ததற்குப் பிள்ளையின் எழுத்தறிவைப் பறிக்கக் கூடாது என்று தடுத்தது. பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரி வாயிலுக்கு வந்தார்கள். அங்கே ராஜ்யத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைப்போலப் பன்மடங்கு. அதே டெக்சாஸ்தான் 2001இல், மூன்றாண்டு இந்த ராஜ்யத்திலே வாழ்ந்து இங்கேயே உயர்பள்ளி முடித்தவனுக்கு, தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளூர்க் கட்டணமே என்று சட்டம் செய்தது. கலிபோர்னியாவும் அவ்வாண்டே தொடர்ந்தது. நம் எட்டாம் வகுப்பு விதிக்கு அண்ணன் தம்பி உறவு அந்தச் சட்டம். இருபத்து நான்கு ஆண்டு நின்றது. 2025 சூன் 4ஆம் நாள், வாஷிங்டன் சர்க்கார் வழக்குப் போட்டது. டெக்சாஸ் சர்க்கார் எதிர்த்து ஒரு சொல் பேசாமல் ஒப்புக் கொண்டது. அன்றே தடை விழுந்தது. காலையிலே உள்ளூர்ப் பிள்ளையாய் எழுந்தவன், மாலையிலே வெளியூரானாய்ப் படுத்தான். அவன் வீடு நகரவில்லை.

டெக்சாஸ் ஒரே நாளில் விட்டதை நாம் 1991இலே ஒருமுறை விட்டிருக்கிறோம். ஆகவேதான், முகாம் பிள்ளையின் கல்வி ஆண்டுக்கு ஆண்டு அறிவிப்பாகவும், ஆட்சிக்கு ஆட்சி அருளாகவும் இருப்பது போதாது என்கிறோம். குடியுரிமை டில்லியின் கையிலே, ஒப்புக் கொள்வோம். ஆனால் தமிழகப் பள்ளியிலே எட்டு முதல் பன்னிரண்டு வரை படித்தவர் எல்லாப் படிப்புக்கும் தமிழகப் பிள்ளையே என்று சட்டமன்றத்திலே சட்டமாக எழுதவும், சாதிச் சான்று இல்லாவிட்டாலும் முகாமின் நிலையையே பின்தங்கிய நிலையாகக் கொண்டு ஒரு பங்கு ஒதுக்கவும், மருத்துவ இடத்துக்காக உயர்நீதிமன்றத்திலே துணிந்து வாதாடவும் சென்னைக் கோட்டையை எவர் தடுக்கிறார்? வழக்கு வரும் என்பார்கள். வகுப்புவாரி உரிமைக்கும்தான் வழக்கு வந்தது.

படித்தபின் என்ன என்பதையும் மறைப்பதற்கில்லை. கடலூர் பெரியார் கலைக் கல்லூரியிலோ சிதம்பரத்திலோ பட்டம் பெறலாம். அரசுத் தேர்வின் விண்ணப்பத்திலே குடியுரிமை என்ற கட்டம் காத்திருக்கிறது. சட்டம் படிக்கலாம், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், இந்தியக் குடிமகனே வழக்கறிஞராகப் பதியலாம் என்கிறது. பொறியியல் படித்துவிட்டு, தந்தை பூசிய சுவருக்குப் பக்கத்துச் சுவரிலே வண்ணம் பூசுவோர் முகாம்தோறும் உண்டு. இதைக் கண்டு, படிப்பு எதற்கு என்று தம்பிமார் கேட்கத் தொடங்கியிருப்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது.

முகாமிலே தணிக்கை நாள் என்று ஒன்று உண்டு. அன்று அட்டையிலே பெயர் உள்ளோர் நேரிலே வந்து நின்று, பெயர் கூப்பிட்டால் விடை சொல்ல வேண்டும். சொன்னால்தான் உதவித்தொகை. வெளியூர் விடுதியிலே தங்கிப் படிக்கும் பிள்ளை, முன்னதாகவே எழுதி அனுமதி வாங்கிக் கொள்ள வேண்டும். தேர்வு நடக்கிறது, அன்று வர இயலாது என்று ஒரு மாணவி விண்ணப்பம் எழுதுகிறாள் என்று வையுங்கள். பெயர் எழுதுகிறாள், பிறந்த இடம் குறிஞ்சிப்பாடி என்று எழுதுகிறாள், படித்த பள்ளி குறிஞ்சிப்பாடி என்று எழுதுகிறாள். இலங்கை முகவரி என்ற இடம் வருகிறது. அந்த ஊரை அவள் கண்டதில்லை. கைக்குழந்தையாய்ப் படகிலே வந்த தந்தைக்கும் நினைவில்லை. பாட்டியைக் கேட்டு எழுதுகிறாள்.